பூட்டிய திரையும் ஓயாத வாட்ஸாப்பும்

கல்லூரி ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பம் என்றாலே ஒவ்வாமை என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு ஒரு பூட்டுதான் நினைவுக்கு வருகிறது. தில்லியில் ஒரு கல்லூரியில் இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். எங்கள் வகுப்பறை ஒன்றில் ஸ்மார்ட் போர்டு பொருத்தியபோது, அதன் ரிமோட்டும் வயர்களும் களவு போகக் கூடாதென்று ஓர் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். சாவி கீழ்த்தளத்து ஊழியர் ஒருவரிடம் இருந்தது. அவர் சாப்பிடப் போனால் சாவியும் உடன் போயிற்று. ஒரு மணி நேர வகுப்பில் சாவி வாங்கி, பெட்டியைத் திறந்து, என் மடிக்கணினிக்குப் பொருந்தும் வயரைத் தேடி எடுத்து, திரையில் படம் விழச் செய்வதற்குள் பன்னிரண்டு நிமிடம் கரைந்துவிடும். மூன்றாவது வாரம் நான் சாக்பீஸுக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் அதே பருவத்தில் மாணவர்களின் வாட்ஸாப் குழுவில் நான் ஏற்றிய பி.டி.எஃப். கோப்புகள் எண்பதுக்குக் குறையாது.

திரையைக் கைவிட்டவரும் வாட்ஸாப்பை விடாமல் பிடித்துக்கொண்டவரும் ஒரே ஆள் என்பதை வைத்துப் பார்த்தால், ஆசிரியர்களை ஆர்வலர் ஒரு வரிசை, எதிர்ப்பாளர் ஒரு வரிசை என்று நிறுத்தும் வழக்கமான விளக்கம் தொடக்கத்திலேயே சறுக்குகிறது. வயதை வைத்துப் பிரிப்பதும் அப்படித்தான். எங்கள் கல்லூரியில் டேப்லெட்டை முதலில் வாங்கியவர் ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகளே இருந்த ஒரு வரலாற்றுப் பேராசிரியர். கண்புரை முற்றிய நிலையில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. பி.பி.டி. போட்டுப் பாடம் நடத்தவே மாட்டேன் என்பவரோ அவரைவிட முப்பது வயது இளையவர்; தம் கல்லூரிக் காலம் முழுவதும் பி.பி.டி.யைப் பார்த்தே தூங்கியதாகக் காரணம் சொல்கிறார். கருவி யாருடைய சிக்கலைத் தீர்க்கிறது, அது காலை வாரினால் யார் தலையில் விடிகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் கிடைக்கும் விடையே ஓர் ஆசிரியர் அதை ஏற்பதையும் மறுப்பதையும் பெருமளவு தீர்மானிக்கிறது என்பது என் கணிப்பு.

இதை ஆராய்ந்தவர்கள் பலர். புதுமைகள் ஒரு சமூகத்தில் எப்படிப் பரவுகின்றன என்பதை 1962இல் விரித்தெழுதிய எவரெட் ராஜர்ஸ், முதலில் துணிபவர்கள் 2.5 விழுக்காடு, அவர்களை அடுத்து ஏற்பவர்கள் 13.5 விழுக்காடு என்று தொடங்கி, கடைசி 16 விழுக்காட்டினரைப் 'பின்தங்கியோர்' என்று வகைப்படுத்தினார். இத்துறைக்கு அடித்தளம் இட்ட ஆய்வுகளுள் முக்கியமானது, அமெரிக்காவின் அயோவா மாநில உழவர்கள் கலப்பின மக்காச்சோள விதைக்கு மாறியதைப் பற்றி 1943இல் வெளிவந்தது. புதிய விதை கூடுதல் விளைச்சல் தந்தது. ஆகவே மாறாதவரைப் பின்தங்கியவர் என்று சொல்ல அங்கே ஓரளவு நியாயம் இருந்தது. வகுப்பறைக்கு வரும் கருவிகளை, விளைச்சல் கூடும் என்று மெய்ப்பித்துவிட்டு யாரும் கொண்டுவருவதில்லை. புதியதெல்லாம் நல்லது என்று கருதிவிடும் சாய்வு இவ்வாய்வுகளில் இருப்பதை ராஜர்ஸே பின்னாளில் எடுத்துச் சொன்னார். நிர்வாகங்களின் காதில் விழுந்ததென்னவோ 'பின்தங்கியோர்' என்ற சொல் மட்டும்தான்.

1989இல் ஃபிரெட் டேவிஸ் முன்வைத்த மாதிரி இன்னும் எளிமையானது. இந்தக் கருவியால் பயன் உண்டு என்ற எண்ணம், இதைக் கையாள்வது எளிது என்ற எண்ணம் ஆகிய இரண்டையும் அவர் அளந்தார். 152 பேரிடம் நடத்திய ஆய்வுகளில் எளிமையைவிடப் பயனே வலுவான காரணமாகத் தெரிந்தது. அந்த 152 பேரும் மின்னஞ்சல் போன்ற மென்பொருள்களைப் பயன்படுத்திய நிறுவன ஊழியர்களும் மேலாண்மை மாணவர்களும் ஆவர். தம் வேலை விரைவாகவும் செம்மையாகவும் முடிவதே ஊழியருக்குப் பயன். ஆசிரியரின் பயனோ எதிரில் இருக்கும் அறுபது பேரின் முகத்தில் தெரிய வேண்டியது. தம் வேலை சீக்கிரம் முடிந்து, கேட்டவர்களுக்குப் புரியாமல் போனால், அதைப் பயன் என்று எந்த நல்ல ஆசிரியரும் கணக்கில் சேர்க்க மாட்டார்.

பெக்கி எர்ட்மர் 1999இல் தடைகளை இரண்டு நிலைகளாகப் பிரித்தார். கருவி, நேரம், பயிற்சி, உதவிக்கு ஆள் ஆகியவை இல்லாமை முதல் நிலை. கற்பித்தல் என்றால் என்ன என்று ஆசிரியர் மனத்தில் ஊறிக் கிடக்கும் நம்பிக்கைகள் இரண்டாம் நிலை. என் பூட்டும் சாவியும் முதல் நிலைத் தடை; அதை நீக்கப் பணமும் ஒரு நல்ல எலெக்ட்ரீஷியனும் போதும். இரண்டாவது அப்படித் தீர்வதில்லை. தொழில்நுட்ப அறிவு, பாட அறிவு, கற்பிக்கும் முறை பற்றிய அறிவு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்று 2006இல் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் எழுதினார்கள். இயற்பியலுக்குப் பொருந்தும் கருவி இலக்கணத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதில்லை. நான் போன ஒரு பயிற்சி முகாமிலோ தாவரவியல், சமஸ்கிருதம், வணிகவியல் ஆசிரியர்கள் எல்லாரையும் ஒரே அரங்கில் அமர்த்தி, ஒரே ஸ்லைடைச் செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள்.

பாடத்துக்குப் பாடம் வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதற்குக் கணித ஆசிரியர்களைப் பார்க்கலாம். ஒரு நிறுவலை ஸ்லைடில் காட்டினால் பத்து வரியும் ஒரே நொடியில் வந்து நின்றுவிடுகின்றன. பலகையில் எழுதும்போது ஒவ்வொரு வரியும் ஆசிரியர் சிந்திக்கும் வேகத்திலேயே பிறக்கிறது, மாணவரின் கையும் அதே வேகத்தில் ஓடுகிறது. ஜப்பானின் ஹகோரோமோ நிறுவனம் 2015இல் தன் சாக்பீஸ் உற்பத்தியை நிறுத்தியபோது அமெரிக்கக் கணித அறிஞர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கினார்கள். கணினியில் இரவு பகலாக உழல்பவர்கள் சாக்பீஸைப் பதுக்குவதைத் தொழில்நுட்ப அச்சம் என்று சொல்ல முடியாது. மறுபுறம், மதுரையிலிருந்து வந்து இங்கே பொருளியல் கற்பிக்கும் என் நண்பர் ஸ்லைடு இல்லாமல் வகுப்புக்குள் நுழைவதில்லை. தில்லி வகுப்பறைகளில் பாதிப் பேர் இந்தி வழியில் படித்து வந்தவர்கள். நண்பரின் இந்தியோ இன்றும் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் அளவில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கலைச்சொல்லையும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஸ்லைடில் எழுதி வைத்துக்கொண்டு அவர் பேசுகிறார். அவருக்கு அது ஊன்றுகோல்.

என் ஊன்றுகோல் வேறு. சென்னையின் நூலகங்கள் தில்லியிலிருந்து இரயில் பாதையில் 2,100 கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் இருக்கின்றன. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய பதிப்பு ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் இராமகிருஷ்ணபுரத்துத் தமிழ்ச் சங்க நூலகத்தில் தேடுவேன். அங்கும் இல்லையென்றால் கோடை விடுமுறைக்குக் காத்திருந்து, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போய் நகலெடுத்து வருவேன். 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகமும், தமிழ் நூல்களை மின்வடிவில் இணையத்தில் ஏற்ற 1998 முதல் தன்னார்வலர்கள் நடத்தி வரும் மதுரைத் திட்டமும், பின்னர் வந்த தமிழ் மின்னூலகமும் அந்தப் பயணத்தை இல்லாமல் ஆக்கின. உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றின் பக்கத்தைத் தில்லியில் வளர்ந்த ஒரு மாணவியின் கைப்பேசியில் திறந்து, ஒரே பாட்டின் சொல் சுவடிக்குச் சுவடி வேறுபடும் பாடபேதம் என்றால் என்ன என்று அடிக்குறிப்பைக் காட்டியே விளக்க முடிகிறது. இதற்கு யாரும் எனக்குச் சுற்றறிக்கை அனுப்பவில்லை. சென்னையிலோ மதுரையிலோ வேலை பார்த்திருந்தால், பக்கத்திலேயே நூலகம் இருக்கும் தெம்பில் நானும் இவற்றைச் சற்று மெத்தனமாகவே அணுகியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

தமிழாசிரியர்களின் தயக்கத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. எழுத்துரு தந்த காயம் அது. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்த காலத்தில், ஒரு கணினியில் தட்டச்சு செய்த வினாத்தாள் அடுத்த கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகக் கொட்டும். இரவெல்லாம் உட்கார்ந்து அடித்ததை அச்சகத்தில் மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. தமிழ்நாடு அரசு 1999இல் தமிழ்99 விசைப்பலகையைத் தரமாக அறிவித்தது. 2010இல், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்றது. அதற்குள் ஒரு தலைமுறை ஆசிரியர்கள் கைப்பிரதியே நம்பகமானது என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். இன்றும் வினாத்தாளைக் கையால் எழுதித் தரும் மூத்தவர்களைக் கண்டு சிரிக்கும் இளையவர்கள், அவர்கள் கணினியை முயன்று பார்த்துத்தான் விட்டார்கள் என்பதை அறிவதில்லை.

தில்லிக்கு இவ்வகை முயற்சிகள் புதியவை அல்ல. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு 1961இலேயே இங்குள்ள பள்ளிகளுக்குத் தொலைக்காட்சிப் பாடங்கள் ஒளிபரப்பாயின, 1984 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷன் வழியே கல்லூரிப் பாடங்களைக் கொண்டுவந்தது, 2003இல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் என்.பி.டெல் என்ற இணைய விரிவுரைத் திட்டத்தைத் தொடங்கின, 2017 ஜூலையில் அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் வந்தது. எல்லாவற்றிலும் பாடம் வேறிடத்தில் சமைக்கப்பட்டது. வகுப்பு ஆசிரியர் பரிமாற வேண்டியவராக மட்டுமே கருதப்பட்டார். இருந்தும் என்.பி.டெல் விரிவுரைகளை இரவில் கேட்டுவிட்டு, மறுநாள் அதைத் தம் பாணியில் நடத்தும் அறிவியல் ஆசிரியர்கள் பலரை எனக்குத் தெரியும். வெளியே சொல்லிக்கொள்ளாதவர்களும் அவர்களில் உண்டு. தமக்கு மாற்றாக வந்ததைத் தமக்குத் துணையாக அவர்கள் மாற்றிக்கொண்டார்கள்.

2020 மார்ச்சில் வந்த கொரோனா ஊரடங்கில் இந்த விருப்பு வெறுப்பெல்லாம் ஒரே வாரத்தில் பொருளற்றுப் போயின. சாவிக்காகக் காத்திருந்தவர்களும் சாக்பீஸை விடாதவர்களும் கூகுள் மீட்டுக்கும் ஜூமுக்கும் போனார்கள். இருபது ஆண்டுகள் பயிற்சி முகாம் நடத்தியும் நடக்காத மாற்றம் நடந்தது. ஆனால் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் அப்போது தில்லியில் இல்லை. காஷ்மீரில் 4ஜி சேவை முழுமையாகத் திரும்பியதே 2021 பிப்ரவரியில்தான். அங்கிருந்த மாணவர்களுக்குக் காணொளி வகுப்பு என்பது விட்டு விட்டுக் கேட்கும் குரல் மட்டுமே. 2020 ஆகஸ்டில் இறுதியாண்டு மாணவர்களுக்கு இணையவழித் திறந்த புத்தகத் தேர்வு நடந்தபோது ஆசிரியர் சங்கம் எதிர்த்தது. அதற்கு முந்தைய மாதிரித் தேர்வுகளில் இணையதளமே திணறியிருந்தது. அன்று எதிர்த்தவர்களில் பலர் தம் வகுப்பை நாள் தவறாமல் இணையத்தில் நடத்திக்கொண்டிருந்தவர்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும். கற்பிக்கும்போது இணைப்பு அறுந்தால் மறுநாள் திரும்பச் சொல்லலாம். தேர்வில் அறுந்தால் ஒரு மாணவரின் ஆண்டே போய்விடும்.

அடுத்த ஆண்டு எழுந்த எதிர்ப்பின் வேர் இன்னும் ஆழமானது. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். 2021 மார்ச்சில் வந்த மானியக் குழு விதிகள் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே படிக்க இடம் கொடுத்தன. முன்பு அது 20 விழுக்காடாக இருந்தது. மே மாதம், பாடத்திட்டத்தில் 40 விழுக்காடு வரை இணையவழியில் கற்பிக்கலாம் என்ற கலப்பு முறைக் கருத்துருவையும் மானியக் குழு வெளியிட்டது. உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரமும், இணைப் பேராசிரியரும் பேராசிரியரும் 14 மணி நேரமும் நேரடியாகக் கற்பிக்க வேண்டும் என்பது விதி. ஒரு துறைக்கு எத்தனை ஆசிரியர்கள் என்பது அத்துறையின் மொத்தப் பாட நேரத்தை இந்த எண்ணால் வகுத்தே முடிவாகிறது. வகுபடும் எண் குறைந்தால் ஈவு குறையும் என்பது தொடக்கப் பள்ளிக் கணக்கு. ஆகவே இணையப் பாடம் என்று கேட்டதும் ஸ்டாஃப் ரூமில் எழும் முதல் கேள்வி அதன் தரத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. எத்தனை பேருக்கு வேலை போகும் என்பதாகவே இருக்கிறது.

அந்த அச்சம் வெறுங்கற்பனை என்று தள்ளிவிட முடியாது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கப்படும் 'அட்ஹாக்' ஆசிரியர்களாகவே பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தவர்கள் தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். காலியிடங்களில் அட்ஹாக்குக்குப் பதில், வகுப்புக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறும் கெஸ்ட் ஆசிரியர்களை அமர்த்துமாறு 2019 ஆகஸ்டில் பல்கலைக்கழகம் எழுதிய கடிதத்தால் அந்த டிசம்பரில் பெரும் வேலைநிறுத்தமே நடந்தது. இப்படிப்பட்டவர்கள் புதிய செயலி, புதிய போர்ட்டல், வகுப்பைப் பதிவுசெய்தல் என எதைச் சொன்னாலும் முதல் ஆளாகச் செய்துவிடுவார்கள். கணக்கெடுப்பவர் பார்வையில் அவர்களே ஆர்வலர்கள். மறுத்தால் அடுத்த நீட்டிப்பு கிடைக்குமா என்று அஞ்சுபவரின் சம்மதத்தை ஏற்பு என்று பதிவுசெய்வது எனக்கு நேர்மையாகத் தெரியவில்லை. பதிவாகிவிட்ட விரிவுரை யாருக்குச் சொந்தம், அதைப் பேசியவர் வேலையை விட்டுப் போன பிறகும் அது வகுப்பில் ஓடலாமா என்ற கேள்விகளையும் அவர்களால் வாய் திறந்து கேட்க முடியாது.

நிரந்தரப் பணியில் இருப்பவர்களை ஈர்ப்பதற்கென்று, பதவி உயர்வுக்குக் கணக்கில் வரும் மதிப்பெண் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு மானியக் குழு விதிமுறைகளின் ஆய்வு மதிப்பெண் பட்டியலில் முழுமையான ஓர் இணையப் பாடத்தை உருவாக்கினால் 20. கலைப் புலத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 10. நான்கு பேர் கொண்ட குழு பல மாதம் உழைத்து, படப்பிடிப்பு நடத்தி, வினாவிடை தயாரித்து முடிக்கும் ஒரு பாடம் இரண்டு கட்டுரைக்குச் சமம் என்றால், எந்தப் பக்கம் போவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரித் தர மதிப்பீட்டிலும் எத்தனை வகுப்பறையில் திரை உண்டு, எத்தனை ஆசிரியர்கள் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுவதற்காக வாங்கப்படும் பொருள், எண்ணி முடித்ததும் பூட்டப்படுகிறது.

கற்பிப்பதற்கென்று வந்த கருவி மெல்லக் கண்காணிக்கும் கருவியாக மாறுவதும் ஆசிரியர்களைப் பின்வாங்கச் செய்கிறது. எத்தனை நிமிடம் வகுப்பு நடந்தது, யார் எப்போது உள்ளே வந்தார் என்பதெல்லாம் தானாகவே பதிவாகிறது. அரசியலறிவியலோ வரலாறோ கற்பிப்பவர்களுக்கு இது கூடுதல் பாரம். மாணவர்களைச் சிந்திக்கத் தூண்டுவதற்காக ஒரு வாதத்தை எடுத்து வைத்துவிட்டு, அடுத்த பத்து நிமிடத்தில் அதை மறுத்துப் பேசுவது பழைய கற்பித்தல் முறை. பதிவிலிருந்து முதல் அரை நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து யாரேனும் பரப்பிவிடலாம் என்ற நினைப்பு வந்த பிறகு அவர்கள் வாதத்தை வைப்பதையே நிறுத்திக்கொள்கிறார்கள்.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, இதுவரை சொன்ன எல்லாமே மறுபடி ஒருமுறை புதிதாக நடக்கிறது. வினாத்தாள் தயாரிக்கவும் பாடத்திட்ட அறிக்கை எழுதவும் அதைப் பயன்படுத்தும் ஆசிரியர்களே, மாணவரின் ஒப்படைப்பில் அதன் வாடை அடித்தால் கொதிக்கிறார்கள். முரண் போலத் தெரிந்தாலும் இதில் ஒரு நியாயம் உண்டு. அறிக்கை, எழுதி முடிக்க வேண்டிய ஒரு பொருள். ஒப்படைப்போ எழுதும்போதே கற்பதற்காகத் தரப்படுவது. கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பலாம் என்றால் அதுவும் கைவிடுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் சோதித்தபோது, சராசரியாக 61 விழுக்காட்டை இயந்திரம் எழுதியதாக அவை தவறாகக் குறித்தன. ஓபன்ஏஐ தன் சொந்தக் கண்டறியும் கருவியையே துல்லியக் குறைவால் அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது. தில்லியில் எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவோ மூன்றாம் மொழியாகவோ கற்றவர்கள். நான் இப்போது வகுப்பிலேயே கையால் எழுதச் சொல்கிறேன், பிறகு பத்து நிமிடம் நேரில் கேள்வி கேட்கிறேன். ஒரு சக ஆசிரியர் இதைப் பிற்போக்கு என்றார். அவர் வகுப்பில் இருபத்தைந்து பேர், என் தமிழ் வகுப்பில் பதினொருவர்; இந்த வித்தியாசத்தை அவர் யோசித்தாரா என்று தெரியவில்லை.

எண்ணிக்கை என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பொதுப் பாடங்களில் இப்போது ஒரே அறையில் எண்பது, தொண்ணூறு பேர் உட்காருகிறார்கள். மேலே மின்விசிறிகள் முழு வேகத்தில் இரைகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொண்டை கட்டிப்போன ஒரு வேதியியல் ஆசிரியை, செங்கோட்டைக்கு எதிரிலுள்ள லாஜ்பத்ராய் மார்க்கெட்டில் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறிய ஒலிபெருக்கி ஒன்றைத் தம் காசில் வாங்கி வந்தார். அடுத்த பருவத்துக்குள் எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒன்பது பேரிடம் அது இருந்தது. பயிற்சி முகாம் நடக்கவில்லை, சுற்றறிக்கை வரவில்லை, சாக்பீஸை விடாத கணித ஆசிரியரும் வாங்கிவிட்டார்.

சென்ற பருவத்தில் கொள்முதல் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். எட்டு வகுப்பறைகளுக்குத் தொடுதிரைப் பலகை வாங்குவதற்கான விலைப்புள்ளிகள் மேசை மேல் இருந்தன. கணித ஆசிரியர் இரண்டு நல்ல கரும்பலகைகள் கேட்டார். வேதியியல் ஆசிரியை பெரிய அறைகளில் மைக்கும் ஒலிபெருக்கியும் பொருத்தச் சொன்னார். சாவியை வகுப்பறையிலேயே வைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். கரும்பலகைக்கும் மைக்குக்கும் மதிப்பீட்டுப் படிவத்தில் கட்டம் இல்லை என்று பதில் வந்தது. தொடுதிரைகள் அடுத்த மாதம் வந்து சேரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இரும்புப் பெட்டியும் பூட்டும் விலைப்புள்ளியிலேயே அடக்கம்.